கர்ப்பிணிப் பெண் ஊழியர்களின் உரிமை: சட்டமும் நமது பொறுப்பும்

காரைக்குடியின் ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் மருத்துவமனைகளிலும் நம் வீட்டுப் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். நம்மவர்கள் நடத்தும் கடைகளிலும் பெண் ஊழியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கருவுற்றதும், "எழுதிக் கொடுத்துட்டு நின்னுக்கம்மா, பிள்ளை பிறந்த பிறகு பார்ப்போம்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. நல்லெண்ணத்தில் சொன்னாலும், அந்தப் பெண்ணின் ஹக் அங்கே பறிபோகிறது.

சட்டம் தரும் பாதுகாப்பு

1961 மகப்பேறு உதவிச் சட்டமும் அதன் 2017 திருத்தமும் தந்த உரிமைகள், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கின்றன. தொழிற்சாலைகளுக்கும், 10 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் கடைகளுக்கும் இவை பொருந்தும்.

• பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்கள் வேலை பார்த்திருந்தால், முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. ஏற்கெனவே இரு குழந்தைகள் இருந்தால் 12 வாரம்.
• கருச்சிதைவு ஏற்பட்டால் 6 வாரம்.
• மகப்பேறு விடுப்பில் இருப்பவரை வேலைநீக்கம் செய்வது சட்டவிரோதம்.
• பிரசவம் நெருங்கும் வாரங்களில் அவர் கேட்டுக்கொண்டால், நீண்ட நேரம் நிற்கும் வேலை கொடுக்கக் கூடாது. கடை ஊழியர் அனைவருக்கும் இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழகச் சட்டமே வந்துவிட்டது.

தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு உதவி உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. தர்மபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை உமாதேவிக்கு, மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தை மூன்றாவது என்று கூறி விடுப்பு மறுக்கப்பட்டது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு விடுப்பு வழங்க உத்தரவிட்டது.

என்ன செய்ய வேண்டும்?

கர்ப்பத்தையும் விடுப்பையும் எழுத்து மூலம் தெரிவித்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். நிர்ப்பந்தத்தால் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள். மறுத்தால் தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம். சிவகங்கை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, வருமான வரம்பு பார்க்காமல் பெண்களுக்கு இலவச சட்ட உதவி தரும்.

முதலாளிகளின் கவனத்திற்கு

"ஆறு மாதச் சம்பளத்துக்கு எங்கே போவது?" என்ற கவலை சிறு வியாபாரிகளுக்கு இருப்பது உண்மைதான். ஆனால் இ.எஸ்.ஐ.யில் பதிவு செய்து சந்தாவைச் சரியாகக் கட்டிவந்தால், தகுதியுள்ள ஊழியருக்கு அந்தத் தொகையை இ.எஸ்.ஐ. கழகமே வழங்கும். பதிவைத் தவிர்ப்பவருக்குத்தான் சுமை.

கர்ப்பிணிக்கு ரமளான் நோன்பையே தள்ளிவைக்க மார்க்கம் சலுகை தந்துள்ளது. தலாக் விடப்பட்டவளாக இருந்தாலும், கர்ப்பிணிக்குப் பிரசவம் வரை செலவுக்குக் கொடுக்க வேண்டும் என்று திருக்குர்ஆன் (65:6) கட்டளையிடுகிறது. அல்லாஹ்வே இரக்கம் காட்டியிருக்கும் நிலையில், நாம் கல்லாவைக் காட்டி அவளை வெளியே அனுப்பலாமா? விடுப்பும் சம்பளமும் நாம் போடும் ஸதகா அல்ல, அவளது உரிமை.

அடியார்களின் ஹக்கைப் பேணி நடப்போராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.