பம்பாயில் மதுவிலக்கும் மளிகைக் கடையும்

சங்க மலர்களில் பம்பாய்த் தமிழர் வரலாறு என்றால் தாராவித் தோல் மண்டிகள், ரயில்வே உத்தியோகம், மாட்டுங்கா ஓட்டல்கள், பள்ளிக்கூடங்கள் ஆகியவற்றைப் பற்றி எழுதுவது வழக்கம். சாராயத்தைப் பற்றி எழுதுவோர் குறைவு. எழுதினாலும் வரதராஜ முதலியார் பெயரோடு கட்டுரை முடிந்துவிடும். ஆனால் இந்த நகரத்தில் மது விற்கும் உரிமத்தை யார் கொடுத்தார்கள், யாரைக் கேட்டுக் கொடுத்தார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் மளிகைக் கடைக்காரனுக்கும் ஒரு மூலை இருக்கு.

இதை நான் தேடிப் படிக்கக் காரணம் 2022 ஜனவரி 27 அன்று மகாராஷ்டிர அமைச்சரவை எடுத்த ஒரு முடிவு. நூறு சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள சூப்பர் மார்க்கெட்டுகளிலும் கடைகளிலும் பூட்டு போட்ட அலமாரி ஒன்று வைத்து ஒயின் விற்கலாம், ஆண்டுக் கட்டணம் 5,000 ரூபாய் என்றார்கள். கோயில், பள்ளி பக்கத்தில் கூடாது. மதுவிலக்கு உள்ள மாவட்டங்களில் கூடாது. நாசிக் திராட்சை விவசாயிக்கு நல்லது என்று காரணம் சொன்னார்கள். நூறு சதுர மீட்டர் என்றால் 1,076 சதுர அடி. தாராவியில் என் கடை 140 சதுர அடிதான். செம்பூரில் என் மகன் நடத்தும் கடையோ 1,100 சதுர அடி. என்னைத் தொடாத விதி அவனைத் தொட்டது. "நாம விக்கலேன்னா எதிர்க்கடைக்காரன் விப்பான், அப்பா" என்றான். நாங்கள் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர். எங்கள் வீட்டில் இப்படி ஒரு பேச்சு வந்ததே அதுதான் முதல் தடவை.

பழைய கதைக்குப் போவோம். 1878-ல் வந்த பம்பாய் ஆப்காரிச் சட்டம்தான் இங்கே கள்ளுக்கும் சாராயத்துக்கும் முதல் பெரிய பூட்டு. அதுவரை ஊருக்கு ஊர் இறக்கிக் குடித்த கள்ளுக்கு மரத்துக்கு இவ்வளவு என்று வரி கூட்டினார்கள். காய்ச்சுவதை அரசுக் கண்காணிப்பில் ஓரிடத்தில் குவித்தார்கள். குடியைக் குறைக்க அல்ல, வருமானத்துக்காக. காந்தியவாதிகள் ஆட்சிக்கு வந்ததும் அந்த வருமானத்தை வேண்டாம் என்றார்கள். 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1939 ஆகஸ்ட் 1-ல் பம்பாய் நகரத்திலும் வந்தது. இங்கே அமைச்சர் டாக்டர் கில்டர் ஒரு பார்சி. மதுத் தொழிலில் பெரிய பங்கும் பார்சிகளுடையது. சொந்தச் சமூகத்தாரே அவரை எதிர்த்தார்கள்.

இழந்த பணத்தை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமோ? பம்பாயில் வீடு, கட்டிடங்கள் மேல் பத்து சதவீத வரி. சென்னை மாகாணத்தில் அதே 1939-ல் பொது விற்பனை வரி, இந்தியாவிலேயே முதல் தடவையாக. குடிகாரன் கொடுத்துக்கொண்டிருந்ததைக் கடைக்காரனிடம் கேட்டார்கள் என்று சொல்வேன். எங்கள் வியாபாரிகள் ராஜாஜியை மதித்தார்கள், விற்பனை வரியை மட்டும் கடைசிவரை மன்னிக்கவில்லை.

1939 நவம்பரில் காங்கிரஸ் அமைச்சரவை விலகியதும் பம்பாயில் மதுவிலக்கு தளர்ந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1949-ல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தது. மொரார்ஜி தேசாய் அதன் பெரிய ஆதரவாளர். பால்சரா என்ற பார்சி கனவான் விஸ்கி, பிராந்தி தொடங்கி யூ-டி-கொலோன், லாவெண்டர் தண்ணீர் வரை எல்லாவற்றுக்கும் உரிமை கேட்டு வழக்குப் போட்டார். 1951-ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை நிலைநிறுத்தி, மதுசாரம் கலந்த மருந்தையும் வாசனைப் பொருளையும் வைத்திருப்பதைத் தடுக்கும் பகுதிகளை மட்டும் தள்ளிவிட்டது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அந்த 1949 சட்டம் இன்னும் உயிரோடு இருக்கு. பெயர் மட்டும் மகாராஷ்டிர மதுவிலக்குச் சட்டம் என்று மாறியது. சட்டப்படி இங்கே குடிப்பவன் கையில் பர்மிட் இருக்க வேண்டும். ‘பர்மிட் ரூம்’ என்று போர்டு தொங்குவது அதனால்தான். விலக்குதான் விதி, குடி விதிவிலக்கு!

தாராவியில் இந்த விதிவிலக்கு எதுவும் 1950-களில் இல்லை. ஏழைக்கு யார் டாக்டர் சீட்டு எழுதி பர்மிட் வாங்கித் தருவார்? மாஹிம் ஓடையோரச் சதுப்பில் காய்ச்சினார்கள். லாரி டயர் டியூபில் நிரப்பி நகரம் பூராவும் கொண்டுபோனார்கள். மஹுவாப் பூவையும் மொலாஸஸையும் சட்டம் கட்டுப்படுத்தியது. ஆனால் காய்ச்சுகிறவனுக்கு மளிகைக் கடையிலேயே சரக்கு இருந்தது: கறுப்பு வெல்லம், நவச்சாரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசவும் நவச்சாரம் வேணும், ஆகவே யாரும் சந்தேகப்பட முடியாது. நான் 1976-ல் மாமா கடையில் சேர்ந்தபோது அந்த வெல்லம் மூட்டை மூட்டையாகப் போகும். தெருவில் அத்தனை பாயசம் யார் வீட்டிலும் வைத்ததில்லை. மாமா கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

வரதராஜ முதலியார் கதை அனைவரும் அறிந்தது. மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் அவர் போட்ட கணபதிப் பந்தலைப் பற்றி இன்றும் பெருமையாகப் பேசுவோர் உண்டு. 1987-ல் ‘நாயகன்’ வந்தபின் பேச்சு இன்னும் கூடிப்போச்சு. 1988-ல் அவர் சென்னையில் காலமானார். அவர் தொழிலை வளர்த்தது அவர் திறமை மட்டுமல்ல, மேலே சொன்ன சட்டமும்தான். 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் பர்மிட் விதிகள் தளர்ந்தன. நாட்டுச் சாராயக் கடைகளுக்கு உரிமம் கிடைத்தது. ஆனாலும் கள்ளச்சாராயம் ஒழியவில்லை. 2004 டிசம்பரில் விக்ரோலியிலும் 2015 ஜூனில் மலாடு மால்வணியிலும் கூலி வேலை செய்தவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். மால்வணியில் மட்டும் நூற்றுக்கு மேல்.

இனி உரிமம் கொடுப்பவர் யார் என்ற கேள்வி. நம்மில் பலர் கார்ப்பொரேட்டரிடம் போய் "எங்க தெருவுல ஒயின் ஷாப் வேண்டாம்" என்று மனு கொடுப்பார்கள். அவரும் வாங்கி வைத்துக்கொள்வார். மது உரிமம் மாநகராட்சி கையில் இல்லை. மாநில எக்சைஸ் துறையும் கலெக்டரும் பார்ப்பது. புது ஒயின் ஷாப் உரிமம் 1970-களில் இருந்து பல பத்தாண்டுகள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததால், பழைய உரிமங்களே கை மாறி, இடம் மாறி வந்தன. ஒரு தெருவில் கடை திறக்கும்போது அந்தத் தெருக்காரர்களுக்கு அது புதுசு, சர்க்கார் கணக்கில் பழசு.

தெருக்காரர்களுக்கு ஒரு வழி 2008-ல் வந்தது. வார்டின் பெண் வாக்காளரிலோ மொத்த வாக்காளரிலோ நாலில் ஒரு பங்கு பேர் கையெழுத்திட்டுக் கேட்டால் ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வாக்குச் சீட்டில் இரண்டு படம்: நிற்கும் பாட்டில், படுத்திருக்கும் பாட்டில். மராத்தியில் ‘உபீ பாட்லி, ஆட்வீ பாட்லி’ என்பார்கள். படுத்த பாட்டிலுக்குப் பாதிக்கு மேல் விழுந்தால் கடை மூட வேண்டும். வந்து போட்டவர்களில் பாதி அல்ல, பட்டியலில் உள்ளவர்களில் பாதி. கிராமத்தில் இது நடந்திருக்கு. காலை ஏழு மணி லோக்கல் பிடித்து ராத்திரி ஒன்பதுக்கு வீடு திரும்பும் மும்பை வார்டில் பாதிப் பேரைச் சாவடிக்குக் கொண்டு வருவது லேசா?

2022 முடிவில் என்னை உறுத்தியது இதுதான். ஒயின் ஷாப் என்றால் எதிர்க்க ஒரு வாசல் இருக்கு, போர்டு இருக்கு. பருப்புக்கும் சோப்புக்கும் நடுவில் இருக்கும் அலமாரியை எந்த வார்டு பெண்கள் எப்படிப் படுக்க வைப்பார்கள்? தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியே எழவில்லை. 2003 முதல் சில்லறை விற்பனை முழுதும் டாஸ்மாக் கையில். பாவமோ லாபமோ சர்க்காருக்கு. இங்கே அதைக் கடைக்காரன் மேஜையில் கொண்டு வந்து வைத்தார்கள்.

மகனிடம் சாஸ்திரத்தை எடுத்தேன். சமந்தபத்திரர் இல்லறத்தாருக்குச் சொன்ன மூல குணங்களில் மது விலக்கு உண்டு. ஹேமசந்திரர் 12-ஆம் நூற்றாண்டில் செய்த யோகசாஸ்திரத்தில் சமணன் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்கள் இருக்கின்றன. அதில் ஒன்று ரச வாணிகம், மது விற்பது. அவன் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு, "அதே வரியில வெண்ணெயும் தேனும் இருக்கே" என்றான். இரண்டையும் நாற்பது வருஷத்துக்கு மேலாக நான் விற்கிறேன். பதில் சொல்ல முடியவில்லை. வெல்ல மூட்டைக் கதையையும் அன்றைக்குத்தான் அவனிடம் சொன்னேன்.

அண்ணா ஹசாரே பிப்ரவரியில் உண்ணாவிரதம் அறிவித்தார், பிறகு தள்ளி வைத்தார். ஜூனில் அந்த அரசே கவிழ்ந்தது. திட்டம் அதுவரை நடைமுறைக்கு வரவில்லை. 2025 மார்ச்சில் அஜித் பவார் சட்டசபையில், ஹவுசிங் சொசைட்டி கட்டிடத்தில் பீர், ஒயின் கடை புதிதாக வர சொசைட்டியின் சம்மதம் கட்டாயம் என்று அறிவித்தார். மகன் கடை இருப்பதும் ஒரு சொசைட்டிக் கட்டிடத்தில்தான். அதன் கமிட்டியில் அவன் பொருளாளர். "அலமாரி மறுபடி வந்தா என்ன சொல்வே?" என்று கேட்டேன். "வரட்டும் அப்பா, மீட்டிங்குல பேசிக்கலாம்" என்கிறான்.