செங்கோட்டை: ஒரு தொகுதி காணாமல்போன கதை

தேர்தல் வரலாறு என்றாலே யார் ஜெயித்தார், எத்தனை ஓட்டு வித்தியாசம் என்பதோடு நமக்கு முடிந்துவிடுகிறது. தொகுதி என்கிற கோட்டை யார் கிழித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நான் எம்.ஏ. தமிழில் குற்றாலக் குறவஞ்சி படித்தவன். குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ராஜ்யத்தின் எல்லை ஓடியதை எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை நம்முடையது அல்ல. முதலில் திருவிதாங்கூர் சமஸ்தானம், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி. 1911இல் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன்கூட சமஸ்தானத்துக்காரர்தான். தேசியக் கதையாடலுக்கு இதெல்லாம் இடைஞ்சல்.

1952, 1954 தேர்தல்களில் திருவனந்தபுரத்துச் சபைக்கு ஆள் அனுப்பிய தொகுதி செங்கோட்டை. 1954இல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 117 இடங்களில் 12 பிடித்தது. யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காத சபையில் 12 லேசுப்பட்ட எண் இல்லை. ஆனால் 19 இடம் வைத்திருந்த பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை, காங்கிரஸ் தயவில் முதலமைச்சர் ஆனார். சோசலிஸ்ட் ஆட்சிதான்! அந்த ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது.

1956 மார்ச்சில் ஜனாதிபதி ஆட்சி வந்து அந்தச் சபையும் போச்சு. நவம்பரில் செங்கோட்டை சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது, கூட அழைத்துவர ஒரு எம்.எல்.ஏ. இல்லை. மலபார் போனதால் 190ஆகச் சுருங்கிய சென்னைச் சட்டமன்றம் 205 ஆனது. ஆனால் அதற்கான தேர்தல் 1957இல்தான். இணைப்பு விழா மேடைகளில் இந்த இடைவெளியைப் பற்றி மூச்சுவிடுவதில்லை.

வந்ததும் முழுசாக வரவில்லை. தாலுகாவின் மேற்கே ஆரியங்காவுப் பக்கத்து மலையும் காடும் கேரளத்தோடு நின்றுவிட்டன. புளியரையோடு நம் எல்லை முடிந்தது. தேவிகுளம், பீர்மேடு விஷயம் இன்னும் அப்பட்டம். அங்கே தமிழர்கள் தோட்டக் கூலிகளாகப் போனவர்கள், நிலையாகத் தங்காத ஜனம் என்று சொல்லி, மறுசீரமைப்புக் கமிஷன் அவர்கள் எண்ணிக்கையை ஒதுக்கி வைத்தது. மொழிவாரி மாநிலம் பேசிய நம்மவர்களும் கூலி என்ற அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டவில்லை என்றே எனக்குப் படுகிறது.

செங்கோட்டை என்ற பெயரில் இன்று சட்டமன்றத் தொகுதி கிடையாது. ஒரே தாலுகாவாக இருந்த ஜனங்களில் ஆரியங்காவுக்காரர் புனலூர் தொகுதியில் ஓட்டுப் போடுகிறார், செங்கோட்டைக்காரர் கடையநல்லூர் தொகுதியில்.