பூட்டைக் கண்டுபிடித்தவரின் பெயர்

போர்க்காலத்தில் அம்மம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதிய கடிதங்களை அம்மா இன்னும் ஒரு பிஸ்கட் பெட்டியில் வைத்திருக்கிறார். சில உறைகளை வழியில் யாரோ பிரித்து, மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். ஆனாலும் உள்ளே இருப்பது அம்மம்மாவின் கையெழுத்துத்தான் என்று அம்மாவுக்குப் பார்த்தவுடனே தெரியும்.

நான் மென்பொருள் எழுதுபவன். கணினிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகளுக்கும் இந்த இரண்டு கவலைகளும் உண்டு. இடையில் யாரும் வாசிக்கக் கூடாது, அதற்கு மறையாக்கம். அனுப்பியவர் இவர்தான், ஓர் எழுத்தும் மாறவில்லை என்று தெரிய வேண்டும். அதற்கு டிஜிட்டல் கையொப்பம். இரண்டுக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

பல நூற்றாண்டுகளாக, பூட்டவும் திறக்கவும் ஒரே சாவிதான். அந்தச் சாவியை முதலில் மற்றவரிடம் இரகசியமாகச் சேர்க்க வேண்டும். அதுதான் பெரிய தலையிடி.

1970இல், இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாமில், ஜிசிஎச்கியூ என்ற அரச உளவு நிறுவனத்தில் வேலை செய்த ஜேம்ஸ் எல்லிஸ் வேறு வழி உண்டு என்று ஓர் அறிக்கை எழுதினார். பூட்டை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, திறக்கும் சாவியை மட்டும் நாமே வைத்திருந்தால் என்ன? யோசனை சரி, ஆனால் அதற்கான கணிதம் அவரிடம் இல்லை.

1973இல் புதிதாக வேலைக்குச் சேர்ந்த கிளிஃபர்ட் காக்ஸ் அதை ஒரே மாலையில் கண்டுபிடித்தார். அலுவலக வேலையை வீட்டில் எழுதக் கூடாது என்பது விதி. அதனால் எல்லாவற்றையும் மனதிலேயே கணக்கிட்டார். 53ஐயும் 61ஐயும் பெருக்குவது எளிது. ஆனால் 3233ஐ மட்டும் தந்து, எந்த இரண்டு எண்களின் பெருக்கம் என்று கேட்டால்? எண்கள் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்டவையானால் கணினியும் திணறும். அதுதான் பூட்டு.

நிறுவனம் இதை வெளியில் சொல்லவில்லை. 1976இல் அமெரிக்காவில் டிஃபியும் ஹெல்மனும் இதே யோசனையைத் தாமாகவே கண்டு வெளியிட்டார்கள். 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் கணிதத்தைக் கண்டார்கள். ஆர்எஸ்ஏ என்பது அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகள். தனிச் சாவியால் ஒப்பமிட்டால், பொதுச் சாவியால் யாரும் சரிபார்க்கலாம் என்பதையும் காட்டினார்கள்.

உலாவியில் தெரியும் பூட்டுச் சின்னம் பாதையை மட்டுமே காக்கிறது. ஒரு வங்கிச் செய்தி பல கணினிகளைத் தாண்டிப் போகும்போது, இடைநிலையம் ஒவ்வொன்றிலும் உறை பிரியலாம். அதனால் செய்தியையே பூட்டி ஒப்பமிடும் எக்ஸ்எம்எல் தரங்கள் 2002இல் வந்தன. 2004இல் வெப் சர்விஸ் செய்திகளுக்கான டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி அவற்றைச் சேர்த்துக்கொண்டது.

ஜிசிஎச்கியூ தன் இரகசியத்தை 1997 டிசம்பரில்தான் வெளியிட்டது. எல்லிஸ் அதற்குச் சில வாரங்கள் முன்பு, நவம்பரில் இறந்துவிட்டார். யார் எழுதியது என்பதை உலகமே சரிபார்க்க வழி திறந்த யோசனை அது. அதன் கீழ் தன் பெயரைப் போட அவருக்கு அனுமதி இருக்கவில்லை.

அடுத்த முறை வேலையில் ஒரு செய்திக்குக் கையொப்பம் சேர்க்கும்போது, நான் அவரை நினைத்துக்கொள்வேன்.