லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உளவியல் கல்வி

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்திலுள்ள லைப்சிக், ஏறத்தாழ 6 லட்சம் பேர் வாழும் நகரம். வணிகச் சந்தைக்கும் புத்தகப் பதிப்புக்கும் பாக்கின் இசைக்கும் பெயர் பெற்றது. 1409இல் தொடங்கப்பட்ட இதன் பல்கலைக்கழகத்தை உளவியல் படித்தவர்கள் 1879ஆம் ஆண்டோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறார்கள். சோதனை உளவியல் அவ்வாண்டு வில்ஹெல்ம் வுண்ட் இங்கே நிறுவிய ஆய்வுக்கூடத்தில் பிறந்தது என்பது பாடநூல்களின் வழக்கமான கூற்று. இந்த முதலிடத்தைக் கேள்விக்குள்ளாக்க வலுவான காரணங்கள் உண்டு. உணர்வை அளக்கும் வழியைக் காட்டிய ஃபெக்னரின் நூல் 1860இலேயே வெளிவந்துவிட்டது. ஹார்வர்டில் வில்லியம் ஜேம்ஸும் 1875 வாக்கிலேயே வகுப்புக்கான சோதனைக் கருவிகளை வைத்திருந்தார். ஆனால் அவை தனி ஒருவரின் ஆய்வாகவோ வகுப்பறை விளக்கமாகவோ நின்றன. மாணவர்கள் பல நாடுகளிலிருந்து வந்து, சோதனை செய்தே முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பும் ஏற்பாடு லைப்சிக்கில்தான் உருவானது. ஆகவே இந்நகரத்தை ஒரு கண்டுபிடிப்பின் இடமாகப் பார்ப்பதைவிட, ஒரு படிப்பு முறையின் இடமாகப் பார்ப்பதே பொருத்தம்.

அந்த முறையின் உயிர்நாடி, மாணவரே சோதனைக்கு உட்படுபவராகவும் இருந்தது. ஒருவர் தந்திச் சாவியில் விரல் வைத்துக் காத்திருப்பார். ஒலி கேட்டதும் விரலை எடுப்பார். இன்னொருவர் ஹிப் காலமானியின் முள் காட்டும் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகளைக் குறித்துக்கொள்வார். பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். வுண்டும் தம் மாணவர்களின் ஆய்வுகளுக்கு உட்பட்டிருக்கிறார். கவனம் ஒலியின்மீது இருக்கும்போது ஆகும் நேரம், விரலசைவின்மீது இருக்கும்போது ஆவதைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு விநாடி கூடுதல் என்று வுண்டின் மாணவர் லுட்விக் லாங்கே 1888இல் காட்டியது இத்தகைய பயிற்சியின் விளைவே. சோதனைக்கு உட்பட்டவர் அதைப் புரிந்த சக ஆய்வாளராக இருந்ததால்தான் இந்த நுண்ணிய வேறுபாடு பிடிபட்டது. அதே காரணத்தால் குழந்தைகளும் நோயாளிகளும் சாதாரண மக்களும் ஆய்வுக்கு வெளியே நின்றார்கள். இந்தக் குறை உண்மையானது. பின்வந்தவர்கள் அதைச் சுட்டியது நியாயமே.

நகரத்தின் அளவுக்கு இதில் பங்கு உண்டா? வுண்ட் 1875இல் வந்தபோது பெர்லின் பத்து லட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. லைப்சிக்கில் ஒன்றேகால் லட்சம் பேரே இருந்தனர். தொடுவுணர்வை ஆராய்ந்த வெபரும் ஃபெக்னரும் அப்போது இந்நகரிலேயே உயிருடன் இருந்தனர். உடலியலும் இயற்பியலும் மெய்யியலும் ஒரே பல்கலைக்கழகத்தின் துறைகளாக இருந்தது புதிய துறைக்குப் பெரிய உதவி. சிறிய நகரங்கள் எல்லாம் இப்படி ஆகிவிடவில்லை என்பதும் உண்மைதான். அளவு மட்டும் போதாது. பழைய, வலுவான பல்கலைக்கழகம் ஒன்று அதற்குள் இருக்க வேண்டும்.

பழம்பெருமையால் இன்றைய மாணவருக்கு என்ன பயன் என்ற எதிர்வாதம் கடுமையானது. 1943 டிசம்பர் குண்டுவீச்சில் வுண்டின் ஆய்வுக்கூடக் கட்டடம் அழிந்தது. அவருடைய நூலகத்தின் பெரும்பகுதி அதற்கு முன்பே ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் மாணவர் பிறருடைய ஆய்வுகளில் குறிப்பிட்ட மணிநேரம் பங்கேற்க வேண்டும் என்பது இன்றும் ஜெர்மனியின் இளங்கலை உளவியல் படிப்புகளில் வழக்கமான நிபந்தனை. மாக்ஸ் பிளாங்க் கழகத்தின் மூளை, அறிதல் ஆய்வு நிறுவனமும் இதே நகரில் இயங்குகிறது. மொழியும் இடப்போட்டியும் மெய்யான தடைகள்: இளங்கலை ஜெர்மன் மொழியில் நடக்கிறது, பள்ளி மதிப்பெண் உயர்வாக இருந்தால்தான் இடம் கிடைக்கும். இந்தியாவிலிருந்து பார்ப்பவருக்கு வேறொரு தொடர்பும் உண்டு. கல்கத்தாவில் 1916இல் உளவியல் துறையைத் தொடங்கிய நரேந்திரநாத் சென்குப்தா, வுண்டின் மாணவரான மூன்ஸ்டர்பெர்க்கிடம் பயின்றவர். மைசூரில் 1924இல் துறையைத் தொடங்கிய எம். வி. கோபாலஸ்வாமி, லைப்சிக்கில் முனைவர் பட்டம் பெற்ற ஸ்பியர்மனிடம் லண்டனில் படித்தார்.