தி சர்க்கஸ் அண்ட் தி நைட்வேல் (இசை ஆல்பம்)

இங்கிலாந்தின் கிட்டார் கலைஞரும் ஜெனிசிஸ் குழுவின் முன்னாள் உறுப்பினருமான ஸ்டீவ் ஹாக்கெட் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட தனி ஆல்பம். அவருடைய தனி ஆல்பங்களில் 30ஆவதாக எண்ணப்படும் இதில் 13 தடங்கள் உள்ளன. மொத்தம் சுமார் 45 நிமிடம். டிராவ்லா என்ற இளைஞனின் வாழ்க்கைப் பயணத்தைத் தொடர்ச்சியாகச் சொல்வதால் கான்செப்ட் ஆல்பம் என்ற வகையில் வைக்கப்படுகிறது. ஆனால் கதையை நகர்த்தும் வேலையைப் பாடல் வரிகளைக் காட்டிலும் கிட்டாரே அதிகம் செய்கிறது. அதைக் கவனிக்காமல் மதிப்பிட்டால் ஆல்பம் மெலிந்ததாகத்தான் தோன்றும்.

கான்செப்ட் ஆல்பம் ராக் இசைக்கு முற்பட்டது. புழுதிப் புயலில் நிலத்தை இழந்து மேற்கே பிழைக்கப்போன அமெரிக்க உழவர்களை வுடி கத்ரி 1940இல் ஒரே தொகுப்பில் பாடினார். பிரிவையும் தனிமையையும் மட்டுமே எடுத்துக்கொண்டு ஃபிராங்க் சினாட்ரா 1955இல் ஒரு முழு ஆல்பத்தை அமைத்தார். ராக்கில் இதன் தொடக்கமாக பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' (1967) காட்டப்படுவது வழக்கம். உண்மையில் அதன் பாடல்களை இணைப்பது பாண்டு வாத்தியக்காரர்களின் சீருடையும் முகப்புப் பாடலும் மட்டுமே. அதே ஆண்டில் விடியலிலிருந்து இரவு வரை ஒரு நாளைப் பின்தொடர்ந்த மூடி புளூஸின் ஆல்பத்துக்கு அந்தப் பெருமை இன்னும் பொருந்தும். ஒரு மனிதனைப் பிறப்பிலிருந்து தொடரும் கதைவகையை பிரெட்டி திங்ஸின் 'எஸ். எஃப். சாரோ' 1968இல் கொண்டுவந்தது. ஹூ குழுவின் 'டாமி' 1969இல் அதைப் பரவலாக்கியது. ஆக, ஒரு பொருளைச் சுற்றுபவை, ஒரு மாந்தரைத் தொடர்பவை என்று இரண்டு வகை. இவற்றோடு மூன்றாவது ஒன்றையும் சேர்க்க வேண்டும்: வாய்ப்பாட்டை நம்பாமல் வாத்தியத்தாலேயே சித்திரம் தீட்டுபவை. எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரை ரிக் வேக்மேன் 1973இல் கீபோர்டுகளைக் கொண்டு வரைந்தது இதற்குத் தெளிவான சான்று. வகைப்படுத்துவோர் பெரும்பாலும் தவறவிடும் இந்த வகையில்தான் ஹாக்கெட்டின் வேர் இருக்கிறது.

1950இல் லண்டனில் பிறந்த ஹாக்கெட், 'மெலடி மேக்கர்' இதழில் கொடுத்த விளம்பரத்தை ஜெனிசிஸின் பாடகர் பீட்டர் கேப்ரியல் பார்த்ததன் பயனாக 1971 தொடக்கத்தில் அக்குழுவில் சேர்ந்தார். அந்த ஆண்டு வெளிவந்த 'நர்சரி கிரைம்' ஆல்பத்தில், வலக்கை விரல்களாலும் தந்தியை மெட்டின்மேல் தட்டி ஒலியெழுப்பும் முறையைக் கையாண்டார். அதைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன வான் ஹேலனின் முதல் ஆல்பம் வந்தது 1978இல். 'தி லாம் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' (1974) நியூயார்க்கில் ரேல் என்ற இளைஞனின் கதையைச் சொன்ன இரட்டை ஆல்பம். அதன் வரிகளில் மிகப் பெரும்பகுதி கேப்ரியலுடையது. மறு ஆண்டே ஹாக்கெட் தம் முதல் தனி ஆல்பமான 'வாயேஜ் ஆஃப் தி அக்கோலைட்'டை டாரட் சீட்டுகளை வைத்து அமைத்தபோது, எட்டுத் தடங்களில் ஐந்தைப் பாடல் வரியே இல்லாமல் விட்டார். இந்த எண்ணிக்கையைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. தம் இசைக்குப் போதிய இடம் கிடைக்காத நிலையில் 1977இல் குழுவை விட்டு விலகினார்.

வரியை விட்டு வாத்தியத்தால் சொல்லும் அந்த முறைதான் 2024 ஆல்பத்திலும் தொடர்கிறது. தொடக்கத்தில் பழைய வானொலிக் குரல், குழந்தையின் அழுகை, நீராவி ரயிலின் இரைச்சல் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக வந்து, 1950களின் புகை மண்டிய லண்டனைக் காதுக்குமுன் நிறுத்துகின்றன. பாட்டர்சீ மின்நிலையத்தின் புகைபோக்கிகளுக்கு எதிர்க்கரையில் பிம்லிகோவில் வளர்ந்தவர் ஹாக்கெட் என்பதால், டிராவ்லா யார் என்று தேடவேண்டியதில்லை. பிறகு இசைத்தொழில் சர்க்கஸாக மாறுகிறது, நாயகன் அதிலிருந்து தப்பிக் கடலில் விழுகிறான், திமிங்கலம் விழுங்குகிறது, கடைசியில் அன்பு கரைசேர்க்கிறது. கதை திரும்பும் இடங்களைப் பாருங்கள்: தப்பித்தலும் கடலும் 'பிரேக்அவுட்', 'ஆல் அட் சீ' என்னும் இரண்டு குறுந்தடங்களில் வாத்தியமாகவே நிகழ்கின்றன. முடிவான 'ஒயிட் டவ்' நைலான் தந்தி கிட்டாரின் தனி வாசிப்பு. ரோஜர் கிங்கின் கீபோர்டும் ராப் டவுன்செண்டின் சாக்ஸபோனும் நாட் சில்வனின் குரலும் துணை நின்றாலும், தீர்ப்பைச் சொல்லும் பொறுப்பு கிட்டாருக்கே.

கதை பழகிய அச்சில் வார்த்தது, யோனாவின் திமிங்கலத்தை இரவல் வாங்கியது என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. ஆயினும் கதைநுட்பத்தை அளவுகோலாக்கினால் இந்த வகையின் சிகரங்களும் தேறமாட்டா. ரேலுக்கு நேர்வது என்ன என்பதை ஐம்பது ஆண்டு ரசிகர்களும் இன்றுவரை விளக்கிக்கொண்டே இருக்கிறார்கள். எளிய கதை வேண்டுமென்றே அமைந்தால் இசைக்கு இடம் கிடைக்கிறது. சில தடங்கள் ஒன்றரை நிமிடத்தில் முடிவதால் எதுவும் வளரவில்லை என்பது இதைவிட வலுவான மறுப்பு. 23 நிமிடம் நீளும் ஜெனிசிஸின் 'சப்பர்ஸ் ரெடி'யில் வாசித்தவரிடம் அந்த வளர்ச்சியை எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் அந்த நீள்பாடலும் தனித்தனிப் பகுதிகளின் கோவைதான்; 2024இல் அதே கோவை முறையை ஆல்பம் முழுதுக்கும் விரித்திருக்கிறார். சர்க்கஸ் பகுதியில் மட்டும் இந்த வாதம் தளர்கிறது. அங்கே ஆர்கெஸ்ட்ரா ஒலி கிட்டாரை அமுக்கிவிடுகிறது.

2024இல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர் 'தி லாம்' ஆல்பத்தின் பகுதிகளை மீண்டும் வாசித்த நிகழ்ச்சி 2025இல் நேரடி ஆல்பமாக வெளிவந்தது.