செஞ்சியில் செத்த 1200 பேர்: ஒரு வகுத்தல் கணக்கு

என்னோடு பள்ளியில் படித்த நண்பர் இப்போது செஞ்சிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலர். போன வருஷம் ஒருநாள் போன் பண்ணி, "எங்க சிஸ்டருங்களுக்கு ரெண்டு சனிக்கிழமை எக்செல் சொல்லிக் குடுடா. கோட்டை கோட்டைன்னு எப்படியும் மாசத்துக்கு ஒரு தடவை வந்துடற"ன்னார். சரின்னு போனேன். பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் கிராம சுகாதார செவிலியர்கள். கூட ஒரு மருந்தாளுநர், ஒரு சுகாதார ஆய்வாளர், டேட்டா என்ட்ரி பண்ணும் ஒரு தம்பி.

நான் கொண்டுபோனது எங்கள் ஆபீஸில் புதுசாகச் சேருபவர்களுக்குக் காட்டும் விற்பனைக் கணக்கு. எந்த மாதத்தில் எத்தனை சோப்பு விற்றது என்கிற மாதிரி. அரைமணி நேரத்தில் பாதிப்பேர் கொட்டாவி விட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே ராஜகிரி தெரிந்தது. அதைப் பார்த்ததும் நான் எப்போதோ குறித்து வைத்திருந்த ஒரு பழைய எண் ஞாபகம் வந்தது. அதை வைத்துத்தான் அன்றைய வகுப்பு பிழைத்தது. இந்தக் குறிப்பு அந்த எண்ணைப் பற்றியது.

1750 செப்டம்பரில் புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே ராத்திரியில் செஞ்சியைப் பிடித்தார்கள். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. அதே ஏப்ரலில் செஞ்சியும் கேப்டன் ஸ்டீபன் ஸ்மித்திடம் சரணடைந்தது. இந்தப் போர்களின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம், செஞ்சியைக் கர்நாடகப் பகுதியிலேயே உடம்புக்கு ஆகாத இடம் என்கிறார். அதற்கு அவர் காட்டும் ஆதாரம்: பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ஒரு சமயத்தில் 100 ஐரோப்பியர்களுக்கு மேல் வைத்ததே இல்லை, ஆனால் பத்து வருஷத்தில் 1200 பேரைப் பறிகொடுத்தார்கள்.

செஞ்சி பற்றி யார் எழுதினாலும் "அந்தக் காலத்தில் விஷக்காய்ச்சல் ஊர்" என்று ஒரு வரி சேர்க்கும்போது இந்த எண்ணைத் தூக்கிப் போடுவது வழக்கம். நானும் போட்டிருக்கிறேன். வகுத்துப் பார்த்ததில்லை.

போர்டில் எழுதினேன். 100 பேர், 10 வருஷம். பெருக்கினால் 1000 ஆள்-வருஷம். இறந்தவர்கள் 1200. அப்படியென்றால் ஆயிரத்துக்கு வருஷத்துக்கு 1200 சாவு. இருந்தவர்களைவிடச் செத்தவர்கள் அதிகம்! "தப்பா இருக்கே சார்" என்று ஒரு சிஸ்டர். தப்பில்லை, ஒருவர் செத்ததும் இன்னொருவரை அனுப்பினால் இது நடக்கும். ஆனால் அதற்கு வந்து சேரும் ஒவ்வொரு சிப்பாயும் சராசரியாகப் பத்து மாதத்தில் சாகணும். யாரும் உயிரோடு மாற்றலாகிப் போயிருக்கவே கூடாது.

ஒப்பிட ஓர் எண் வேண்டுமே. 1863-ல் வந்த ராயல் கமிஷன் அறிக்கை, இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் சாவு விகிதம் ஆயிரத்துக்கு 69 என்றது. அதற்காகத்தான் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் குதிகுதியென்று குதித்தார். செஞ்சிக் கணக்கு அதைப்போல 17 மடங்கு. நைட்டிங்கேல் சொன்னதைவிட மூன்று மடங்கு மோசமான ஊர், ஆயிரத்துக்கு 200 என்று வைத்தால்கூட, 1200 பேர் சாக சராசரியாக 600 பேர் கோட்டையில் இருந்திருக்கணும்.

ஆக, செஞ்சியில் காய்ச்சல் இருந்திருக்கும், அதில் சந்தேகமில்லை. மலையடிவாரம், சுற்றிலும் அகழி, குளங்கள். ஆனால் 100 என்கிற கீழ் எண் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. போர்க்காலத்தில் படைகள் வந்து தங்கிப் போயிருக்கும், வேறு இடத்தில் காயம்பட்டவர்களைக் கொண்டுவந்து போட்டிருக்கலாம். ஓர்ம் 1761-ல் இங்கே இல்லை, அதற்குள் மதராஸை விட்டே போய்விட்டார். யாரோ சொன்ன இரண்டு எண்களை அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பள்ளிக்கூடத்தில் தொகுதி, பகுதி என்று படித்தோமே, அதில் மேலே இருக்கிற தொகுதிதான் எல்லார் கண்ணிலும் படும். கீழே இருக்கிற பகுதியை யாரும் கேட்பதில்லை.

இதைச் சொல்லி முடித்ததும் ஒரு செவிலியர் தன் ரெஜிஸ்டரைத் திறந்தார். "எங்க ரிவ்யூ மீட்டிங்லயும் இதுதான் சார். என் ஏரியால காய்ச்சல் கேஸ் அதிகம்னு திட்டுவாங்க. என் ஏரியால ஆளுங்களே அதிகம்னு யாரும் பாக்கமாட்டாங்க." அதுக்கப்புறம் யாரும் கொட்டாவி விடவில்லை.

பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போட்ட ஆளும் நம்ம மாகாணத்தில் உண்டு. டபிள்யூ. ஆர். கார்னிஷ். 1871 மதராஸ் மாகாண மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதியவர் அவர்தான், தாது வருஷப் பஞ்சத்தில் சுகாதாரக் கமிஷனராக இருந்தவரும் அவர்தான். நிவாரண வேலைக்கு வருபவர்களுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் 1877-ல் நிர்ணயித்தபோது, இது போதாது, ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கணக்கோடு எதிர்த்து எழுதினார். அந்த வருஷமே மதராஸ் அரசு கூலியை உயர்த்தியது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதோடு, எத்தனை பேரில் என்றும் சொல்ல முடிந்தவர் அவர்.

ஆனால் அவருக்குக் கணக்கு அனுப்பியது யார்? கிராம முன்சீப்பும் கர்ணமும். பிறப்பு இறப்பு ரெஜிஸ்டரில் காலரா, பெரியம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயம், மற்றவை என்று சில கட்டங்கள். அதை நிரப்பி மேலே அனுப்புவதோடு அவர்கள் வேலை முடிந்தது. காய்ச்சல் கட்டம்தான் எப்போதும் பெரிசு, ஏனென்றால் சாகும்போது உடம்பு சுடாத ஆள் யார்? அந்த எண் மாகாணத் தலைநகரம் போய், அறிக்கையாகி, லண்டன் போனது. கர்ணத்துக்கு ஒரு வரிகூடத் திரும்பி வரவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை சைபர் பற்றிப் பேசினேன். இதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு ரிப்போர்ட் எழுதினேன். காலியாக இருந்த கட்டங்களால் கூட்டல் உடைந்தது. காலியா, சைபர் போடு என்று ஒரே வரியில் முடித்தேன். ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, தகவலே அனுப்பாத வார்டுகளெல்லாம் என் ரிப்போர்ட்டில் தொற்றே இல்லாத வார்டுகளாக ஜொலித்துக்கொண்டிருந்தன. யாரும் என்னைத் திட்டவில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

கோவிட் சமயத்தில் எல்லாரும் பேசிய மாடலுக்கு மூலவர்களில் ஒருவர் ஏ. ஜி. மெக்கெண்ட்ரிக். இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், கசௌலி பாஸ்டர் நிலையத்தை நடத்தியவர். 1926-ல் அவர் எழுதிய கட்டுரையில் ஓர் இந்தியக் கிராமத்தின் காலராக் கணக்கு வருகிறது. 223 வீடுகள். ஒரு கேஸ்கூட இல்லாதவை 168, ஒரு கேஸ் 32, இரண்டு 16, மூன்று 6, நான்கு 1. அவ்வளவுதான் டேட்டா. போர்டில் இதைத்தான் எழுதிப் போட்டேன்.

அவர் கேட்ட கேள்வி ரொம்ப அழகு. கிராமம் முழுக்க ஒரே மாதிரி ஆபத்தில் இருந்திருந்தால், ஒன்று, இரண்டு, மூன்று கேஸ் வந்த வீடுகளின் எண்ணிக்கையைப் பார்த்து, தப்பித்த வீடுகள் இத்தனை இருக்கணும் என்று ஊகிக்கலாம். அப்படிப் போட்டால் 37 அல்லது 38 வீடுகள்தான் வருகிறது. இருப்பதோ 168. அப்போ மீதி 130 வீடு? அவை ஆபத்திலேயே இல்லை. ஊரில் பல கிணறுகள் இருக்கும், சுமார் 93 வீடுகள் மட்டும் ஒரு கெட்ட கிணற்றில் தண்ணீர் எடுத்திருக்கும் என்றார். விசாரித்தபோது அதேபோல் ஒரு பகுதி மக்கள் மட்டும் குடிக்கும் கெட்ட கிணறு இருந்தது.

புள்ளியியல் புத்தகங்களில் இந்த ஐந்து எண்களையும் இன்றுவரை பாடம் நடத்துகிறார்கள். நான் யோசிப்பது அந்த 168-ஐப் பற்றி. நோய் வந்த 55 வீடுகளை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஒன்றுமே நடக்காத 168 வீட்டு வாசலிலும் நின்று, கேட்டு, 'இல்லை' என்று எழுதிய ஆள் யாரோ ஒருவர் இருந்திருக்கிறார். அந்த நடை இல்லாவிட்டால் எந்த மேதையாலும் அந்தக் கிணற்றைக் காகிதத்தில் கண்டுபிடித்திருக்க முடியாது.

முன்வரிசையில் இருந்த மூத்த செவிலியர், ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம் இருப்பவர், சிரித்தார். "சார், சைபர்னா நான் போய்ப் பாத்தேன்னு அர்த்தம். காலியா விட்டா போகலைன்னு அர்த்தம். இது எங்களுக்குத் தெரியும். உங்க கம்ப்யூட்டருக்குத்தான் தெரியாது."

என்னத்தைச் சொல்ல.

2004-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் வாராவாரம் மூன்று படிவங்கள்: களப்பணியாளருக்கு எஸ் ஃபார்ம், மருத்துவருக்கு பி, ஆய்வகத்துக்கு எல். இப்போது அதெல்லாம் போர்ட்டலுக்கு மாறிவிட்டது, கர்ப்பிணிகள் பதிவுக்கு பிக்மி தனி. கர்ணத்தின் ரெஜிஸ்டரைவிட ஆயிரம் மடங்கு வேகம். திசை மட்டும் அதேதான், கீழிருந்து மேலே.

திசையைத் திருப்பிக் காட்டிய முயற்சி ஒன்று செஞ்சிக்குப் பக்கத்திலேயே நடந்தது. செஞ்சி அன்றைக்குத் தென்னாற்காடு. மேற்கே திருவண்ணாமலைப் பக்கம் போனால் வட ஆற்காடு. அங்கே வேலூர் சி.எம்.சி.யின் வைரஸ் நிபுணர் டி. ஜேக்கப் ஜான் 1980-களில் ஒரு மாவட்டக் கண்காணிப்பு முறையை நடத்தினார். தொழில்நுட்பம்: போஸ்ட் கார்டு. அரசு, தனியார் என்று எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் முகவரி அச்சடித்த கார்டுகள் கொடுக்கப்பட்டன. குறிப்பிட்ட நோய்களில் ஒன்றைப் பார்த்தால் நிரப்பித் தபாலில் போடணும். முக்கியமான விஷயம், வந்த கார்டுகளைத் தொகுத்து மாதாமாதம் ஒரு செய்தி மடலாக, கார்டு போட்டவர்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். 1998-ல் லான்செட்டில் இந்த முறையை விவரித்துக் கட்டுரை வந்தது, கேரளத்தில் கோட்டயம் மாவட்டமும் பின்னால் இதை எடுத்துக்கொண்டது. நான் பார்த்த வரையில், நல்ல டேட்டா வருவதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது: அனுப்பியவருக்கு அதைக் காட்டு.

இரண்டாவது நாள் முடிவில் பதினான்கு பேரும் ஒரு ஷீட் செய்தார்கள். எக்செலில் எனக்குத் தெரிந்த வித்தைகள் எதுவும் அதில் இல்லை. கிராமம், மக்கள்தொகை, இந்த வாரக் காய்ச்சல், ஆயிரத்துக்கு எத்தனை. போகாத வாரத்துக்கு 'போகல' என்றே எழுதச் சொன்னேன், காலியாக விட வேண்டாம். கூட்டல் அந்த வார்த்தையைத் தானாகத் தாண்டிவிடும்.

ரிவ்யூ மீட்டிங்கில் திட்டு வாங்கிய சிஸ்டரின் ஏரியா, வகுத்துப் பார்த்ததில் மொத்தம் ஒன்பதில் ஆறாவது இடம். முதலிடத்தில் இருந்தது யாருமே கவனிக்காத ஒரு சின்ன கிராமம், நாலே கேஸ். நாலு கேஸை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது, அடுத்த வாரம் ஒன்றுமில்லாமலும் போகலாம் என்று எச்சரித்தேன்.

"தெரியும் சார். இருந்தாலும் திங்கக்கிழமை அங்க தொட்டியெல்லாம் ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.