சிவப்புக் கையும் காட்டுப் பூனையும்: சீருடைச் சின்னங்களின் அரசியல்

அமெரிக்கத் தரைப்படைச் சிப்பாயின் சட்டைக் கைகள் இரண்டுக்கும் இரண்டு காலம். இடது கையில், தோளுக்குச் சற்றுக் கீழே தைத்திருக்கும் துணிச்சின்னம் அவன் இப்போது எந்தப் படைப்பிரிவில் இருக்கிறான் என்று சொல்லும். வலது கையில் இருப்பது, எந்தப் பிரிவோடு போருக்குப் போய் வந்தான் என்று சொல்லும். வலது கைச் சின்னம் லேசில் கிடைக்காது. 1945-ல் வந்த இந்த வழக்கத்துக்கு இன்று சீருடை விதிப்புத்தகத்தில் ஏகப்பட்ட நிபந்தனைகள். எந்தப் போர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, பிரிவு கம்பெனி அளவுக்குக் குறையாமல் இருந்ததா, எதிரியின் தாக்குதலுக்கு ஆளாகக்கூடிய இடத்தில் நின்றதா என்று கேள்விகள் நீளும்.

இன்னொரு படையின் சின்னத்தைப் போடலாமா என்ற கேள்வி இதைவிடச் சுவாரசியம். மரைன் படை 1943-ல் தோள்சின்னத்தை அனுமதித்தது, 1947-ல் எடுத்துவிட்டது. மரைன் என்றால் மரைன்தான், அதற்குள் டிவிஷன் பெருமை என்ன வேண்டிக்கிடக்கிறது என்பது அவர்கள் கட்சி. ஆனால் ஈராக்கில் மரைன் டிவிஷனோடு இணைக்கப்பட்டுப் போரிட்ட தரைப்படைச் சிப்பாய், ஊர் திரும்பியபின் அந்த டிவிஷனின் சின்னத்தைத் தன் வலது கையில் தைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் நின்று சண்டை போட்ட மரைனுக்கு அந்த உரிமை இல்லை. தரைப்படையை விட்டு மரைனில் போய்ச் சேருகிறவனோ வலது கையில் இருந்ததையும் பிரித்துப் போட்டுவிட வேண்டியதுதான்.

இதென்ன தையற்கடைச் சமாச்சாரம், இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று தோணலாம். தமிழ் படித்தவனுக்கு உடனே புறத்திணைப் பூக்கள் ஞாபகம் வரும். வெட்சி சூடினவன் ஆநிரை கவர்கிறவன், கரந்தை சூடினவன் மீட்கிறவன். பூ சாயங்காலத்துக்குள் வாடிவிடும். துணிச்சின்னத்துக்கோ ஃபைல் உண்டு. உடலை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் பற்றி ஃபூக்கோ சொன்னதை நம் பத்திரிகைகளில் நிறையவே பேசியாயிற்று. பணியும் உடல்கள் பற்றிய அந்த அத்தியாயத்தை அவர் சிப்பாயிலிருந்துதான் தொடங்குகிறார். எப்படி நிற்பது, துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் அதிகாரம் அது. நான் இங்கே பார்க்க விரும்புவது வேறொன்று. சண்டை முடிந்த பிறகு, நீ சண்டை போட்டாயா இல்லையா என்பதையும் அதே அதிகாரம்தான் தீர்மானிக்கிறது.

தோள்சின்னத்தின் கதை ஒரு முகாமில் தொடங்குகிறது. 1917 ஆகஸ்டில் தென் கரோலினாவின் கேம்ப் ஜாக்ஸனில் 81-ஆம் டிவிஷன் திரட்டப்பட்டது. பக்கத்தில் ஓடிய ஓடையின் பெயர் காட்டுப்பூனை ஓடை. அதை வைத்து அவர்களாகவே ஒரு காட்டுப்பூனைச் சின்னம் தைத்துக்கொண்டார்கள். பிரான்ஸில் போய் இறங்கியதும் மற்ற பிரிவுகள் ஆட்சேபித்தன. விஷயம் தளபதி பெர்ஷிங் வரைக்கும் போயிற்று. 1918 அக்டோபரில் அவர் காட்டுப்பூனைக்கு அனுமதி கொடுத்தார், மற்ற டிவிஷன்களும் ஆளுக்கொரு சின்னம் வைத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. மீறலாக ஆரம்பித்தது சில வாரங்களில் ஒழுங்காக மாறிவிட்டது. அமெரிக்கப் படை வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் கதையை ஆசையாகச் சொல்வார்கள், இத்தோடு நிறுத்தியும் விடுவார்கள்.

அதே கேம்ப் ஜாக்ஸனில், அதே ஆகஸ்டில், இன்னொரு படையும் திரட்டப்பட்டது. அதன் பெயர் 371-ஆம் காலாட்படை ரெஜிமெண்ட். பெரும்பாலும் தென் மாநிலங்களிலிருந்து கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட கறுப்பினத்தவர்கள், மேலே வெள்ளை அதிகாரிகள். இதோடு 369, 370, 372 ஆகிய மூன்றையும் சேர்த்து 93-ஆம் டிவிஷன் என்று பேர் வைத்தார்கள். பேர்தான் டிவிஷன். பீரங்கிப்படை கிடையாது, மற்றத் துணைப்பிரிவுகள் எதுவும் முழுமையாகக் கிடையாது. அமெரிக்கப் படையைத் துண்டு துண்டாக்கி நேச நாடுகளின் கொடியின் கீழ் தர முடியாது என்று பெர்ஷிங் பிடிவாதமாக மறுத்துக்கொண்டிருந்த காலம் அது. இந்த நான்கு ரெஜிமெண்டுகளுக்கு மட்டும் அந்தப் பிடிவாதம் தளர்ந்தது. பிரெஞ்சுப் படையிடம் கொடுத்துவிட்டார்.

369 என்பது நியூயார்க்கின் ஹார்லெம் ஆட்கள். இருபத்தாறு மாநிலங்களின் ஆட்களைச் சேர்த்து வானவில் டிவிஷன் என்று ஒன்று அமைத்தபோது, அதன் வழியனுப்பு ஊர்வலத்தில் தாங்களும் வருகிறோம் என்று இவர்கள் கேட்டார்கள். வானவில்லின் நிறங்களில் கறுப்பு இல்லை என்று பதில் வந்ததாக அந்தப் படையின் அதிகாரி ஒருவர் பின்னாளில் எழுதினார். போகட்டும். பிரான்ஸில் அமெரிக்கக் காக்கிச் சட்டைக்கு மேலே பிரெஞ்சுக்காரனின் அட்ரியான் இரும்புத் தொப்பி, கையில் பிரெஞ்சுத் துப்பாக்கி என்று இவர்கள் போர்முனைக்குப் போனார்கள். 191 நாட்கள் முனையில் இருந்தார்கள். 371-உம் 372-உம் பிரெஞ்சு 157-ஆம் டிவிஷனில் சேர்க்கப்பட்டன. அந்த டிவிஷனின் சின்னம் சிவப்புக் கை. அந்தச் சிவப்புக் கையைக் கறுப்பினச் சிப்பாய்கள் தங்கள் சட்டைக் கையில் தைத்துக்கொண்டு நிற்கும் புகைப்படங்கள் இருக்கின்றன. அமெரிக்கச் சட்டை, பிரெஞ்சுச் சின்னம். தன் படையில் இடமில்லாதவன் அடுத்தவன் படையின் அடையாளத்தைச் சூடிக்கொள்கிறான். விதிப்புத்தகத்துக்கு முந்தைய வரலாறு இது.

பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் யோக்கியர்களா என்று கேட்பீர்கள். ஆப்பிரிக்கக் காலனிகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து அகழிகளில் நிறுத்தியவர்கள்தானே அவர்கள். ஆனால் அமெரிக்கத் தலைமைக்கு அவர்களுடைய சகஜம்கூடத் தாங்கவில்லை. 1918 ஆகஸ்டில் அமெரிக்கத் தலைமையகத்தோடு தொடர்பில் இருந்த கர்னல் லினார் என்ற பிரெஞ்சு அதிகாரியின் பேரில் ஓர் இரகசியக் குறிப்பு போயிற்று. கறுப்பின அதிகாரிகளோடு நெருங்கிப் பழகாதீர்கள், வெள்ளை அமெரிக்கர்கள் முன்னால் கறுப்பினச் சிப்பாய்களை அதிகமாகப் புகழாதீர்கள் என்பது அதன் சாரம். டு பாய்ஸ் இதை 1919 மே மாதம் தன் ‘கிரைசிஸ்’ இதழில் வெளியிட்டார். புகழக்கூடாது என்பதற்கே ஆணை வேண்டியிருந்தது என்றால் புகழும்படியாக ஏதோ நடந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்!

திரும்பி வந்தார்கள். 1919 பிப்ரவரியில் 369 நியூயார்க்கின் ஐந்தாம் நிழற்சாலையில் பெரிய ஊர்வலம் போயிற்று. படையிலிருந்து விடுவிக்கப்பட்டவன் தன் சீருடையை வைத்துக்கொண்டு அணியலாம் என்று அதே மாதம் சட்டம் வந்தது. அடையாளமாக இடது கையில் ஒரு சிவப்புப் பட்டை தைத்துக்கொள்ள வேண்டும். சட்டம் எல்லோருக்கும் பொதுதான். அந்த வருஷமே தென் மாநிலங்களில் போரிலிருந்து திரும்பிய கறுப்பினத்தவர்கள் கும்பல்களால் கொல்லப்பட்டார்கள், சிலர் சீருடையோடு. சட்டம் அனுமதித்த துணியை ஊர் அனுமதிக்கவில்லை. தோளில் துண்டு போட்டதற்கு அடி வாங்கிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

1942-ல் 93-ஆம் டிவிஷன் மறுபடி திரட்டப்பட்டது, மறுபடி தனிக் கறுப்பினப் படையாகவே. அதன் தோள்சின்னம், கறுப்பு வட்டத்துக்குள் நீல நிறப் பிரெஞ்சு இரும்புத் தொப்பி. அமெரிக்கா கொடுக்க மறுத்த இடத்தின் ஞாபகத்தை அமெரிக்காவே அதிகாரபூர்வச் சின்னமாகத் தைத்துக் கொடுத்தது! அந்தச் சின்னத்தோடு பசிபிக் தீவுகளுக்குப் போனவர்களில் பலருக்குச் சரக்கு இறக்குவதும் காவல் நிற்பதும்தான் வேலையாக வாய்த்தது. படையில் இனப் பிரிவினையை ஒழிக்கும் ட்ரூமனின் ஆணை 1948-ல்தான் வந்தது.

போரிட்டவன் யார் என்ற வரையறை மற்ற இடங்களிலும் இப்படித்தான். 1943-ல் வந்த காலாட்படைப் போர்ச்சின்னம் காலாட்படைக்காரனுக்கு மட்டும். அவனோடு கூடவே ஓடிக் காயத்துக்குக் கட்டுப்போட்ட மருத்துவச் சிப்பாய்க்கு 1945-ல் தனியாக ஒன்று. லாரி ஓட்டுகிறவனுக்கு ஒன்றுமில்லை. ஈராக்கில் முன்வரிசை பின்வரிசை என்ற கோடே அழிந்து லாரிகள் தாக்கப்பட்ட பிறகு, 2005-ல், மற்றவர்களுக்கும் ஒரு போர்ச்சின்னம் வந்தது. அதைப் பெண்களும் வாங்கினார்கள். ஆனால் பெண்களை நேரடித் தரைப்போர்ப் பிரிவுகளில் போடக்கூடாது என்ற 1994-ஆம் ஆண்டு விதி 2013 வரைக்கும் ஏட்டில் இருந்தது. சட்டையில் போர் உண்டு, ஏட்டில் போர் இல்லை.

பொய்யாகப் பதக்கம் கொண்டாடுகிறவர்கள் மேல் மட்டும் அரசுக்கு அப்படியொரு கோபம். வாங்காத பதக்கத்தை வாங்கினேன் என்று வாயால் சொல்வதையே குற்றமாக்கி 2006-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 2012-ல் உச்ச நீதிமன்றம் அது பேச்சுரிமைக்கு விரோதம் என்று தள்ளிவிட்டது. அடுத்த வருஷமே, ஆதாயத்துக்காகப் பொய் சொன்னால் குற்றம் என்று திருத்தி எழுதினார்கள். சரி, வாங்காததைச் சொல்லிக்கொண்டவனுக்குச் சட்டம் இருக்கிறது. வாங்க வேண்டியவனுக்குக் கொடுக்காமல் வைத்திருந்த அலுவலகத்துக்கு?

371-ஆம் ரெஜிமெண்டில் ஃப்ரெடி ஸ்டவர்ஸ் என்றொரு கார்ப்பரல் இருந்தார். தென் கரோலினாக்காரர். 1918 செப்டம்பர் 28 அன்று 188-ஆம் குன்றில், எதிரியின் இயந்திரத் துப்பாக்கிக் குழிகளை நோக்கித் தன் ஆட்களை நடத்திக்கொண்டு தவழ்ந்துபோய், குண்டுபட்டும் நிற்காமல் தவழ்ந்து, இறந்தார். நாட்டின் உச்சப் பதக்கத்துக்கு அப்போதே பரிந்துரை எழுதப்பட்டது. காகிதம் நகரவில்லை. 1990-ல்தான் அதைத் தேடி எடுத்தார்கள். 1991 ஏப்ரல் 24 அன்று வெள்ளை மாளிகையில் ஜார்ஜ் புஷ் பதக்கத்தைக் கொடுக்க, ஸ்டவர்ஸின் சகோதரிகள் இருவர் வாங்கிக்கொண்டார்கள். அப்போது எழுபத்திரண்டு வருஷம் கடந்திருந்தது. ஸ்டவர்ஸ் இன்னும் பிரான்ஸில்தான் இருக்கிறார், மியூஸ்-ஆர்கான் கல்லறைத் தோட்டத்தில்.